பல் மிஸ்ஸி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போ புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு பாட்டியும் பேத்தியும் வந்து நின்றார்கள். பேத்தி எஸ்.பி.எம். எழுதி முடித்தவள். பல் சிகிச்சை வேலைக்குப் படிக்க மனுப் போடப் போகிறாளாம். அந்த வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"மிஸ்ஸி, ஊரான் வாயில கையை விடுற வேலைதானே? புள்ளைக்கு இது சரிப்பட்டு வருமா?" என்று பாட்டி நேராகக் கேட்டார்.

தேநீர் வைத்துக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன், அந்தப் பெண்ணிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் படித்த பெண் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா?

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் சீவுகிறவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். கைக்குழந்தையான என் தம்பி ஆயாக்கொட்டகையில் கிடப்பான். டின் பாலைக் கரைத்து ஊற்றிய போத்தல் அவன் வாயில் இருக்கும். இரண்டு வயதிலேயே அவனுடைய முன்பற்கள் கறுத்துக் கரைந்து, ஈறோடு ஈறாகத் தேய்ந்துவிட்டன. "பால் பல்லுதானே, விழுந்தா முளைச்சிரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். இரவெல்லாம் அவன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பல் தாதி வருவார். மடக்கு நாற்காலி, காலால் மிதித்து ஓட்டும் துளைக் கருவி, வெள்ளை உடுப்பு. பையன்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். நான் மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சீனப் பெண்மணி அவர். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான்: "வாய்." அந்த ஒரு வார்த்தையை அவர் அவ்வளவு அன்பாகச் சொல்வார்.

1973-ல் எம்.சி.இ. எழுதினேன். மறு ஆண்டு பினாங்கு பல் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஈப்போ பஸ் நிலையம் வரை அம்மா வந்தார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை என் கையில் திணித்தார். பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் போகும்போதும் அந்த நோட்டுகளில் வெற்றிலை வாசம் வீசியது. அப்போது பினாங்குப் பாலம் கிடையாது. அது 1985-ல்தான் திறக்கப்பட்டது.

இந்த வேலை எப்படி உண்டாயிற்று என்பதைப் பயிற்சியின்போதுதான் அறிந்தேன். அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். வந்த நோயைத் தீர்ப்பதைவிட வராமல் காப்பது மேல் என்று எண்ணிய அவர், 1906-ல் தம் உதவியாளரான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்குப் பற்களைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் அதற்கென்று ஒரு வகுப்பும் தொடங்கினார். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற தொழில் அங்கே பிறந்தது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1921-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் தாதிகளைப் பயிற்றத் தொடங்கியது. சுத்தம் செய்வதோடு, பல் அடைக்கவும் பால் பல் பிடுங்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த வழியைப் பின்பற்றி 1949-ல் பினாங்கில் நம் பள்ளி தொடங்கப்பட்டது. அதனால்தான் நம் நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அன்று பல் தாதி என்றார்கள். இன்று பல் சிகிச்சையாளர் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ நாங்கள் என்றும் "பல் மிஸ்ஸி"தான்.

இப்போது வேலைக்கு வருவோம்.

முதலில் பயத்தைப் பிடுங்க வேண்டும். பல் அதற்குப் பிறகுதான். பிள்ளை நாற்காலியில் ஏறியதும் கருவியை எடுக்கக் கூடாது. சிறு கண்ணாடியை அதன் கையில் கொடுத்து முகம் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு, "உனக்கு எத்தனை பல்? எண்ணிப் பார்ப்போமா?" என்று கேட்க வேண்டும். பால் பற்கள் இருபது, நிலைப் பற்கள் முப்பத்திரண்டு. ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணத் தொடங்கியதும், இறுகிப்போன எத்தனையோ உதடுகள் தாமாகத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உடம்பு தாங்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்தே வேலை. கழுத்தும் முதுகும் மணிக்கட்டும் வலிக்கும். உட்காரும் விதத்தை முதல் நாளிலிருந்தே சரியாகப் பழகாதவள் ஐம்பது வயதில் அழுவாள். எங்கள் காலத்தில் வெறும் கையால்தான் வேலை செய்தோம். 1980-களில் எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் கையுறை கட்டாயம் போலாயிற்று. பாதரசத்தையும் உலோகப் பொடியையும் சிறு கண்ணாடி உரலில் குழைத்துப் பல் அடைத்தோம். இன்று வேறு பொருள்கள் வந்துவிட்டன.

மூன்றாவது, பேசத் தெரிய வேண்டும். எங்கள் வேலையில் பாதி வாய்ப்பேச்சுத்தான். ஆறு வயதில் கடைவாயின் கடைசியில் ஒரு பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல், புதிதாகப் பின்னால் முளைப்பதால், அதுவும் பால் பல்தான் என்று தாய்மார்கள் விட்டுவிடுவார்கள். அது நிலைப் பல். போனால் போனதுதான். துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ரத்தம் வருவதே அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான்; இன்னும் பொறுமையாக, மென்மையாகத் துலக்க வேண்டும். அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். இவற்றை ஆயிரம் தடவை சொல்ல வேண்டும், ஆயிரமாவது தடவையும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

அந்தச் சிரித்த முகம் எனக்கு எளிதில் வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், என் தம்பியைப் போலவே பல் கறுத்த ஒரு குழந்தையைப் பார்த்தேன். தாயை எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டேன். "ராத்திரி முழுக்கப் பால் போத்தலை வாயில் வைத்தால் பல் இருக்குமா?" என்றேன். அவள் தலை குனிந்தபடி, "புள்ள அழுதா லயன் முழுக்க முழிச்சுக்கும் மிஸ்ஸி. எல்லாரும் வெள்ளன எந்திரிச்சு வேலைக்குப் போறவங்க. நான் என்னா செய்ய?" என்றாள்.

அது என் அம்மா பேசுவது போலவே இருந்தது. அன்றிலிருந்து தாய்மார்களைக் கடிவதை விட்டேன். பாலின் இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவரும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். பலர் கேட்டார்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பற்களைக் காக்க ஃபுளோரைடு சத்தைக் குழாய்த் தண்ணீரில் மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். ஜொகூரில் 1966-ல் தொடங்கியது. 1972-ல் அது நாட்டின் கொள்கையாயிற்று. பட்டணத்துக் குழாயில் அது வந்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்ததோ ஆற்றுத் தண்ணீர். ஒரே மாவட்டத்தில், ஒரே வயதுப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தே, இவன் டவுன், இவன் தோட்டம் என்று என்னால் சொல்லிவிட முடிந்தது. ஃபுளோரைடு கலந்த பற்பசை ஏழை வீட்டுக்கு ஏன் அவசியம் என்று நான் கரடியாகக் கத்தியதற்கு அதுதான் காரணம்.

பேத்தியிடம் இவ்வளவும் சொன்னேன். எஸ்.பி.எம்.-ல் மலாய், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும் என்றேன். பயிற்சி மூன்றாண்டு டிப்ளோமா என்றேன். முன்பு அரசாங்க வேலை மட்டுமே. 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு பெற்றுக்கொண்டு, பல் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்கிலும் வேலை செய்யலாம் என்பதையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலை மடித்து வாயில் அடக்கிக்கொண்டார். இருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது. வெற்றிலையை மட்டும் விட முடியவில்லை. பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை; எல்லாவற்றையும் இடித்துத்தான் போட வேண்டியிருந்தது. அம்மா சிரமப்படுகிறாரே என்று, 1985-ல் கிடைத்த போனஸில் ஒரு பித்தளை வெற்றிலை உரல் வாங்கிக் கொடுத்தேன். தோட்டம் முழுக்க அதைக் காட்டி, "எம் மக வாங்கித் தந்தது" என்று பெருமைப்பட்டார். பல் மிஸ்ஸியான நான், என் கையாலேயே அதை வாங்கிக் கொடுத்தேன்!

மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவேன். அந்தத் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளின் வாயைக் கூடப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் வாயை மட்டும் ஒரு நாளும் திறக்கச் சொன்னதில்லை. பல்லில்லாத வாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

1997-ல், வாய்ப்புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கச் சுகாதார அமைச்சு ஒரு திட்டம் தொடங்கியது. வெற்றிலை போடும் பழக்கம் மிகுந்த தோட்டங்களுக்குப் பல் மருத்துவக் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். மறு ஆண்டு எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். அம்மா, "எனக்குத்தான் பல்லே இல்லையே" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்திருக்கிறார். வெற்றிலையை அடக்கும் இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் தழும்பும், அதன் நடுவில் ஆறாத புண்ணும் இருந்தன.

செய்தி வந்ததும் ஓடினேன். "ஏம்மா என்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"வலிக்கலையே ஆயி. அதோட நீ புள்ளைங்க பல்லு பாக்குறவ. ஒனக்கு ஏன் தொல்லைன்னு இருந்துட்டேன்" என்றார்.

கன்னத்தில் ஒரு பகுதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார். கஞ்சிதான் ஆகாரம். பேச்சு குழறும். சபைக்கு வரமாட்டார், முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்வார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. 2004-ல் காலமானார். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும், பாக்கே அதற்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிக்கை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். பித்தளை உரல் இன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை. பளபளப்பாகத் துலக்கி வைக்கவும் மனம் வரவில்லை.

பெரியவர்களுக்குச் சிகிச்சை செய்ய எனக்கு அனுமதி இல்லை என்பது உண்மை. ஆனால் பார்க்க வேண்டாம் என்று யாரும் என் கண்ணைக் கட்டவில்லையே!

மறுநாள் காலை டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நடந்தேன். "பாட்டி, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் திறங்கள்" என்றேன். வெட்கப்பட்டார், மறுத்தார், கடைசியில் திறந்தார். பேத்தியை அருகே அழைத்து, எங்கெங்கே பார்ப்பது என்று காட்டினேன்: இரு கன்னங்களின் உள்பக்கம், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மிளகாய் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், வாய் முன்போலத் திறக்காமல் குறுகிக்கொண்டே வருவது. இவற்றில் எது இருந்தாலும் உடனே பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். வலிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. வலி கடைசியில்தான் வரும்.

பாட்டியின் வாயில் என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பேத்தி அந்த வாரமே அழைத்துப் போனாள். பாட்டி வெற்றிலையை இன்னும் விடவில்லை. புகையிலையை விட்டிருக்கிறார்; பாக்கைக் குறைத்திருக்கிறார். பேத்தி விடுவதாக இல்லை.

தாய்மார்களே, சகோதரிகளே! தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயனை விட்டு நாமும் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். சுருக்குப் பையும் நம்மோடு கூடவே வந்துவிட்டது. இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுங்கள். முதலில் பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். பிறகு, பல் இல்லை என்பதற்காக விட்டுவிடாமல், வீட்டுப் பெரியவர்களையும் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.