பாளயத்தின் தூய்மை

நறுமணத்தைப் பற்றி எழுதுவார் பலர். நாற்றத்தைப் பற்றி எழுதுவார் சிலர். சென்ற கோடை விடுமுறையில் எமக்கு வாய்த்த அனுபவம் பிந்தியதாகலின், அன்பர்கள் முகஞ்சுளியாது படிப்பார்களாக.

சங்ககிரிக் கோட்டையைக் காண வேண்டுமென்பது எமது நெடுநாள் அவா. 1805ஆம் ஆண்டில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடமன்றோ அது! நண்பர் ஐவருடன் ‘கேரவன்’ என்னும் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, மலையடிவாரத்துத் தோப்பொன்றில் தங்கினோம். வண்டியின் கழிவுத்தொட்டியிலிருந்து தோப்புக்காரர் வீட்டுச் செப்டிக் தொட்டிக்குக் குழாய் பொருத்தி, அதன் அடைப்பானைத் திறந்தே வைத்தோம். வறண்ட நாடென்று தண்ணீரையும் சிக்கனமாகச் செலவிட்டோம்.

இரண்டாம் நாள் நண்பகல், வண்டிக்குள் நிற்க முடியவில்லை. ஊதுவத்தி கொளுத்தினோம், கூரைவிசிறியைச் சுழலவிட்டோம். நாற்றம் பெருகிற்றேயன்றிக் குறைந்திலது. “யாரேனும் ஓர் ஆளைப் பிடித்துத் தொட்டியைக் கழுவச் சொல்லலாம்” என்றோம்.

எம் ஓட்டுநர், லாரித் தொழிலிலேயே முதிர்ந்த சங்ககிரிப் பெரியவர், சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “வேண்டாம் தம்பிகளே. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் ஒரு தொட்டிக்குள் இறங்கினான், ஏறி வரவில்லை. ஊதுவத்தி உங்கள் மூக்குக்கு, தொட்டிக்கு வேண்டியது தண்ணீர்” என்றார்.

அதன்பின் அவர் காட்டியவை இவை. அடைப்பான் திறந்திருப்பின் நீர் ஓடிவிட, மலம் மட்டும் குவிந்து இறுகும். ஆகவே அதனை மூடி, தாராளமாக நீர்விட்டு, தொட்டி மூன்றிலிரு பங்கு நிறைந்தபின் திறத்தல் வேண்டும். பாயும் நீரே யாவற்றையும் அடித்துச் செல்லும். வெறுமையான தொட்டியில் மீண்டும் சிறிது நீர் ஊற்றிவைத்தல் வேண்டும். கைகழுவும் தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் நீர் வற்றினால் வாயு மேலேறும். அங்கும் ஒரு செம்பு நீர். 1775ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவமும் இதுவே. கழிப்பறையில் நீர்விடும்பொழுது கூரைவிசிறி சுழலின், அது தொட்டியின் வாயுவை உள்ளே இழுக்கும். அப்பொழுது அதனை நிறுத்துக. இறுகியது நெகிழ இரவு முழுதும் நீர் தேக்கி, விடியலில் திறந்தோம். நாற்றம் அகன்றது, ஒருவரும் உள்ளே இறங்கவில்லை.

எம் உள்ளத்து நாற்றமோ அத்துணை எளிதில் அகன்றிலது. அழுகல் முட்டையென நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, மிகுந்தவிடத்து மோப்ப உணர்வையே மரக்கச் செய்து உயிரைக் கவரும். கையால் மலம் அள்ளச்செய்வதையும், தக்க காப்பின்றிக் கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இவற்றையெல்லாம் ஏட்டில் படித்திருந்தும், “ஓர் ஆளை” என்ற சொல் எத்துணை எளிதாக எம் வாயினின்றும் பிறந்தது! அவ்வாளுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பதை எண்ணினோமல்லோம்.

பாளயத்திற்குப் புறம்பே குழிதோண்டித் தத்தம் கழிவை மூடவேண்டுமென இஸ்ரவேலருக்கு விதித்த கட்டளை உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதனைச் சிறுவயதில் படித்து நகைத்தோம். பிறர் கையில் விடாது அவரவரே செய்யவேண்டுமென்னும் அதன் நீதி, சங்ககிரி அடிவாரத்திலன்றோ எமக்கு விளங்கிற்று!