வானில் ஓர் ஓட்டை

எங்கள் பழைய ஜப்பான் வானை முன்பு வைத்திருந்தவர், சுற்றுலாப் பயணிகளைச் சீகிரிய, தம்புள்ள என்று ஏற்றி இறக்கியவர். பின்னால் ஒரு கட்டில் அடித்து, கூரையை நாற்பது சென்டிமீற்றர் சதுரமாக வெட்டி, அதில் பேர்ஸ்பெக்ஸ் மூடி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அந்தச் சதுரத்துக்காகத்தான் நான் வானையே வாங்கினேன். எஞ்சினைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். அது வேறு கதை.

வாங்கிய வருடம் ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போனோம். மாத்தளை முத்துமாரியம்மன் தேரையும் விடமாட்டார், அந்தோனியாரையும் விடமாட்டார் அம்மா. எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை. கண்டி ராச்சியத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் ஊர் வஹகோட்டை. இன்று அவர்கள் பேசுவது சிங்களம். கும்பிடுவது லிஸ்பனில் பிறந்து 1231இல் மறைந்த புனிதரை.

வஹகோட்டை இருக்கும் கலேவெலப் பக்கம் ஜூனில் மழை அபூர்வம். கச்சான் காற்றுதான் மண்ணை வாரி இறைக்கும். புழுக்கம் தாங்காமல் மேல்மூடியை முழுக்க உயர்த்திவிட்டு நாங்கள் கோயிலில் நின்றோம். திரும்பி வந்தபோது காற்று மூடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கீல் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெயிலில் வருடக்கணக்காகக் கிடக்கும் பேர்ஸ்பெக்ஸ் அப்பளம் மாதிரி ஆகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பார்த்தேன், மறந்தேன்.

நவம்பர் மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. மூடிக்கு நேர் கீழே வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். அது ஓட்டுநர் இருக்கைக்கு மேலே சொட்டியது. கூரைத் தகரத்துக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில், வண்டி சரிந்து நிற்கும் பக்கமெல்லாம் தண்ணீர் நடந்து போகும். நானோ சொட்டிய இடத்துக்கு நேர் மேலே சிலிக்கன் பூசினேன். அடுத்த மழைக்கு இன்னொரு டியூப். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார் என்பதால், ஒழுகும் இடத்தையும் அவரிடமே ஒப்படைக்கச் சொன்னார் அம்மா.

அந்தோனியார் என்னை உக்குவெலயில் டிங்கரிங் செய்யும் ஒரு நானாவிடம் அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளலாம். நானா என்னை வானுக்குள் உட்காரவைத்துவிட்டு மேலே ஏறி, குழாய்த் தண்ணீரை மெதுவாக, தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி விட்டுக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் விடும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ, அங்கேதான் வழி. எங்களுக்கு இரண்டு வழிகள் அகப்பட்டன: கீல் வெடிப்பு ஒன்று, சட்டத்தின் மூலை ஒன்று.

“சிலிக்கனுக்கு மேல சிலிக்கன் ஒட்டாது தம்பி. எல்லாத்தையும் சொறண்டுங்க.”

இரண்டு நாள் சுரண்டினேன். தகரம் கீறாமலிருக்கப் பிளாஸ்டிக் தகட்டால். சட்டத்தைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது: கூரையை வெட்டியவர் வெட்டிய விளிம்புக்குப் பெயின்ற்கூட அடிக்கவில்லை. துரு சுற்றிவர அரித்திருந்தது. அதைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, பியூட்டைல் நாடா ஒட்டினோம். அது இறுகாத பசை. ஓடும் வண்டியின் கூரை குலுங்கும்போது கூடவே நெளிந்து கொடுக்கும். திருகாணிகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆவேசமாக முடுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும், சட்டமும் வெடிக்கும். மறுநாள் ஒரு கால் சுற்று மட்டும். மூடியைப் புதிதாகவே மாற்றினோம். அதைத் தின்னர் போட்டுத் துடைக்காதே, சவர்க்காரத் தண்ணீர் போதும் என்று நானா மூன்று தரம் சொன்னார். ரப்பர் பீடிங்குக்கு எண்ணெயும் ஆகாது, ஊதிவிடும். ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பவுடர்.

வேலை நடக்கும்போதெல்லாம் எனக்கு ஜோசப் வாஸ் அடிகளார்தான் நினைவில். ஒளிந்து திரிந்து இலங்கைக் கத்தோலிக்கரைக் காத்தவர், 2015இல் புனிதரானவர். இரண்டாம் விமலதர்மசூரியன் காலத்தில் மழை பொய்த்தபோது அவர் கண்டியில் திறந்த வெளியில் பீடம் வைத்து மன்றாட, கொட்டிய மழையில் அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்பது மரபு. பியூட்டைல் நாடா இல்லாத காலம்.

டிசம்பரில் நுவரெலியா போனோம். வண்டிக்குள்ளேயே ஐந்து பேர் படுத்தோம். விடியற்காலை என் நெற்றியில் ஒரு சொட்டு. நெஞ்சு திக்கென்றது. வெளியே இறங்கிப் பார்த்தால் மழையே இல்லை, தரை காய்ந்து கிடக்கிறது. ரோர்ச் அடித்துப் பார்த்தேன். மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். நாங்கள் ஐந்து பேரும் இரவெல்லாம் விட்ட மூச்சு, குளிர்ந்த பேர்ஸ்பெக்ஸில் பட்டு நீராகியிருந்தது. அவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறோம்!

துணியால் துடைத்துவிட்டு மூடியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தேன்.

“குளிருதுடா, அத மூடு,” என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.