ஆளுக்கு ஒரு வெள்ளி

சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்கள் எழுத்துக்குக் கொடுத்த பதில்களில் ஆகப் பெரியது கடிதமாக வரவில்லை, காசாக வந்தது. 1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இந்திய இயல் துறையைத் தொடங்க ஆயத்தமானது. அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற யோசனை எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடி எழுதினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கேட்டார். சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழை முதன்மையாகக் கொண்டு அமைந்தது.

ஒரு வெள்ளி என்று கேட்டதில்தான் சாரங்கபாணியின் சாமர்த்தியம் இருக்கிறது. பெரிய தொகை கேட்டிருந்தால் சில செட்டியார்களும் வணிகர்களும் கொடுத்து முடித்திருப்பார்கள்; வாசகர் வேடிக்கை பார்த்திருப்பார். அன்று ஒரு நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அச்சிட்ட படிகளைவிட வாசகர் தொகை பெரிது. அவர்கள் அனைவருக்கும் எட்டக்கூடிய தொகை ஒரு வெள்ளிதான்.

வாசகர் முரசின்மேல் வைத்த இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1935இல் தொடங்கிய முரசு, வாசகரைப் படிக்கச் சொன்னதோடு நிற்காமல் எழுதவும் வைத்தது. 1950களில் வந்த ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்து அச்சேறியது. தம் பெயரை அங்கே பார்த்த பிள்ளைகளில் சிலர் பின்னாளில் எழுத்தாளர்களும் ஆனார்கள். ஒரு பத்திரிகைக்குக் கிடைக்கக்கூடிய வாசகர் பதிலில் இதைவிட நீடித்தது வேறில்லை.

இப்போது பதில் பெரும்பாலும் நேரில் வருகிறது. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் ‘கதைக்களம்’ நடத்துகிறது. அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டம் கூடிப் பேசியதும் உண்டு. சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கும்போது எதிர்ப்படுபவரே கூட்டத்தில் கதை படிப்பவராகவும் இருப்பார். அப்படிப்பட்ட ஊரில் கடுமையாக விமர்சிக்க யாருக்கு மனம் வரும்? நூல் வெளியீடுகளில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. ‘மூன்றாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிட்டது’ என்று எழுந்து சொல்பவர் அரிது. எழுதுபவருக்கு உண்மையில் பயன்படுகிற வாசகர் அந்த அரிய ஆள்தான்.