மகள் கற்பித்த பாடம்

கடலூரில் மேனிலைக் கல்வி பயின்ற எங்கள் மகள், 1993இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்கென ஓர் ஆய்வு செய்ய விழைந்தாள். பொதுத்தேர்வு மதிப்பெண் குறையுமோ என அஞ்சினோம், எனினும் தடுக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலிருந்து, சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு அருகிலிருந்த ஊர்களைக் காத்தது எவ்வாறு என்பதே அவள் வினா. விடுமுறை நாள்களில் உடன் சென்றோம்.

"காடு அலையைத் தணித்தது மெய்தான்; எங்கள் ஊர் மேட்டில் இருந்ததும் காரணம், அம்மா" என்றார் முதிய மீனவர் ஒருவர்.

காட்டை மட்டும் புகழ்ந்தெழுதினால் பரிசு கிட்டும் என்றோம். "கேட்டதை மறைத்தால் அது ஆய்வாகுமா, அப்பா?" என்றவள், இரண்டையும் எழுதினாள். பரிசு கிட்டவில்லை.

பெற்றோரே, பல்கலைக்கழக வாயிலை மதிப்பெண் திறக்கலாம். உள்ளே நடப்பதற்கு இந்நேர்மையன்றோ வேண்டும்! அன்று பாடம் பயின்றவர்கள் நாங்களே.