அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

இங்கிலாந்துல உடம்பு சரியில்லைன்னா பெரும்பாலும் முதல்ல ஏரியா ஜிபி சர்ஜரிக்குத்தான் போவோம். காலையில 8 மணிக்கு போனைப் பிடிச்சு, க்யூவில் தொங்கி, டாக்டர் கிடைச்சா பத்து நிமிஷம். 2025 அக்டோபரிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை 8 முதல் 6.30 வரை ஆன்லைனிலும் எழுதிக் கேட்கலாம்னு விதி வந்திருக்கு. இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு சரி. எங்க அம்மாவுக்கு?

இத்தனை நாளா அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவங்க அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, நான் ஒரே வரியில முடிச்சுடுவேன். டாக்டர் நேரம் வீணாகக் கூடாதுங்கற நல்லெண்ணம்தான்!

போன மாசம் ரிசப்ஷன்ல இருந்த பெண், "தமிழ் இன்டர்ப்ரட்டரை போன்ல ஏற்பாடு பண்ணட்டுமா? காசு கிடையாது"ன்னு கேட்டாங்க. எனக்கு லேசா ரோஷம். இருந்தாலும் சரின்னுட்டேன்.

ஸ்பீக்கர்ல ஒரு அக்கா குரல், "சொல்லுங்கம்மா"ன்னுச்சு. அம்மா கொட்டித் தீர்த்துட்டாங்க.

"பிரஷர் மாத்திரை போட்டா தலை சுத்துதும்மா. ரெண்டு மாசமா பாதிதான் போடறேன். போன தடவையே சொன்னேன், இவன் டாக்டர்கிட்ட சொல்லலை."

நான் சுவத்துல இருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பிச்சேன். டாக்டர் அன்னைக்கே மாத்திரையை மாத்திட்டார்.

2015 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்ஜரியிலும் நோயாளிகள் குழு இருக்கணும்கறது விதி. எங்க சர்ஜரி குழுவோட அடுத்த கூட்டத்துக்குப் போகப் போறேன். இன்டர்ப்ரட்டர் உண்டுன்னு வாசல்ல தமிழ்லயும் எழுதி ஒட்டச் சொல்லணும்.

என்னை மாதிரி சுருக்கிச் சொல்ற பிள்ளைங்க இன்னும் எத்தனை பேரோ!