பலகைக்கு அடியில் இருக்கும் வேலை

பழைய டைல்ஸை உடைத்தால் புழுதி, இரைச்சல், கீழ்வீட்டுக்காரரின் முறைப்பு, மூட்டை மூட்டையாக இறக்க வேண்டிய கட்டடக் குப்பை. இதற்குப் பயந்துதான் சென்னை அடுக்ககங்களில் சமையலறை டைல்ஸின் மேலேயே லேமினேட் பலகை பாவச் சொல்கிறார்கள். அந்த வேலை நடக்கும் இடங்களில் நின்று கவனித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நாம் கூலி கொடுப்பது பலகை பாவுவதற்கு, தரை நிலைப்பதோ அதற்கு முன்னால் நடக்கும் வேலையால். பலகை மாட்டுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. பசையில்லாமல் பூட்டிக்கொள்ளும் விளிம்புகள் 1990களில் வந்தபிறகு, சாய்த்துச் செருகி, கட்டை வைத்துத் தட்டினால் முடிந்தது.

கைத்திறன் தெரிவது அதற்கு முன்னால். வேலையாள் குத்துக்காலிட்டு ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் கேட்கிறார். வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை. அதைப் பெயர்த்துக் கலவை போட்டு நிரப்ப வேண்டும். அடுப்பு முன்னால் வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுக்காவிட்டால் நிரப்புகிற கலவை ஒட்டாது. பிறகு மட்டப்பலகை. 2 மீட்டர் நீளத்துக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மேட்டைத் தேய்ப்பதும் பள்ளத்தையும் டைல்ஸ் இடுக்குகளையும் நிரப்பிக் காயவிடுவதும்தான் நேரத்தைத் தின்னும். இதை விட்டால், மிதிக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி, பூட்டு விளிம்பு நாளடைவில் முறிந்துவிடும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கைப் பலகையில் அல்லாமல் சுவரில் அடிப்பதும் இதே அக்கறைதான். ஈரக்காற்றில் பலகை விரியும். விரிய இடம் வேண்டும்.

‘அடியில் ஃபோம் போடுகிறோமே, மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளாதா?’ என்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபோம் மிதி சத்தத்தைக் குறைக்கும், பள்ளத்தை அடைக்காது. ‘கீழே டைல்ஸ்தானே, தண்ணீர் என்ன செய்யும்?’ என்பது இன்னொன்று. டைல்ஸ் உறிஞ்சாது என்பதே இங்கே சிக்கல். இணைப்பு வழியாக இறங்கிய நீர் போக வழியின்றித் தேங்கும். மரநாரை அழுத்திச் செய்த பலகையின் உள்பகுதி அதைக் குடித்து விளிம்பில் உப்பும். உப்பியது பழையபடி இறங்காது.

நம் சமையலறைக்கு லேமினேட்டே ஆகாது என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் இதைப் போடவே கூடாது. அங்கே நீர் உறிஞ்சாத எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையைச் சிபாரிசு செய்கிறார்கள், சரிதான். ஆனால் அதுவும் பூட்டு விளிம்புப் பலகையே. பெரும்பாலும் லேமினேட்டைவிட மெலிது. டைல்ஸ் இடுக்கு மேலே தெரியாமலிருக்க அதற்கு மட்டம் இன்னும் கறாராக வேண்டும். பொருளை மாற்றினாலும் முன்வேலை குறைவதில்லை.

சதுர அடிக் கூலி சண்டை வராத கணக்கு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாவிய பரப்பை மட்டும் அளக்கும் கணக்கில், தட்டிப் பார்த்த காலைப்பொழுதும் கலவை காயும் வரை காத்திருந்த நாளும் வேலையாளின் நட்டம். அவர் அதைச் சுருக்கினால் குற்றம் அவருடையது மட்டுமல்ல. கொட்டேஷன் வாங்கும்போது தரையை மட்டம் செய்வதற்குத் தனி வரியாக எழுதி, தனித் தொகை போடச் சொல்லுங்கள். காயும் நாளுக்கும் கூலி கொடுங்கள்.