வேப்பமரத்திலிருந்து எத்தனை அடி

1974-இல் ஒரு விவசாய டெப்போவின் இருப்புப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. யூரியா, விதைநெல், பி.எச்.சி. பூச்சிமருந்துத் தூள். அந்தத் தூளுக்கு ஒரு முக்கல் வாடை உண்டு. சட்டையை இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. பழைய வேட்டித் துண்டில் கட்டி அதைப் பயிர்மேல் எப்படி உதற வேண்டும் என்று நானே வரப்பில் நின்று காட்டியிருக்கிறேன். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னதாக நினைவில்லை.

ஒரு தணிக்கைக்கு முந்தின நாள். ஈரம் பட்டுக் கட்டிதட்டிய பதினான்கு பி.எச்.சி. மூட்டைகள் மூலையில் கிடந்தன. கணக்கில் காட்டினால் விளக்கம் எழுத வேண்டும். காவல்காரரும் நானுமாகப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் இடுப்பளவு குழி வெட்டினோம்; மூட்டைகளைத் தள்ளி, மண்ணைப் போட்டு மிதித்தோம். மறுநாள் வந்தவர், கிடங்கு சுத்தமாக இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

2025 ஜனவரி முதல் தேதி இரவு போபாலிலிருந்து ஆலைக் கழிவை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு கன்டெய்னர் லாரிகள் கிளம்பின என்று படித்தபோது எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது.

போபால் என்றால் எல்லோருக்கும் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தெரியும். அன்று ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு காற்றில் போயிற்று. மண்ணில் இறங்கியதோ அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. யூனியன் கார்பைடு அங்கே செவின் பூச்சிமருந்து தயாரித்தது. ஆலை 1969-இல் வந்தது. கழிவை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டினார்கள். 1977-இல் வடக்கே பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டைகள் வெட்டி, கழிவுநீர் வெயிலில் வற்றட்டும் என்று விட்டார்கள். குட்டை கசிகிறது என்பது 1982-இலேயே கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்த குளோரின் கலந்த கரைப்பான்களில் பல தண்ணீரைவிடக் கனமானவை. எண்ணெய் மாதிரி மேலே மிதந்தால் பார்த்துவிடலாம். இவை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும்.

1989-இல் 47 கோடி டாலர் நஷ்டஈட்டுக்கு உடன்பாடு ஆயிற்று. அது வாயு அடித்தவர்களுக்கான கணக்கு. அடிபம்புத் தண்ணீர் அந்தக் கணக்கில் ஏறவில்லை. 1998-இல் நிலம் மத்தியப் பிரதேச அரசிடம் திரும்பியது. அடுத்த வருஷமே கிரீன்பீஸ் அங்கே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பாதரசத்தையும் குளோரின் ரசாயனங்களையும் கண்டது. சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்ல வேண்டியிருந்தது. அடிபம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் அந்தச் சாயத்தைப் பார்த்துக்கொண்டே அடித்துக் குடித்தவர்கள் உண்டு; தாகத்துக்குச் சிவப்பு தெரியுமா?

2005-இல் திரட்டி ஷெட்டுக்குள் மூட்டை கட்டி வைத்த கழிவை யாரும் ஏற்கவில்லை. குஜராத் மறுத்தது. ஜெர்மனிக்கு அனுப்பும் பேச்சு 2012-இல் முறிந்தது. கடைசியில் அந்த லாரிகளில் 250 கிலோமீட்டர் தள்ளிப் பீதம்பூருக்கு எரிக்கப் போன 337 டன் இதுதான். அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைத் திட்டி எழுதியவர்கள் உண்டு; நான் திட்டமாட்டேன். வாசல் குப்பையைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டுக் கோலம் போட்டால், அந்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? ஆனாலும் எரித்தார்கள். 2025 ஜூன் கடைசியில் எரித்து முடித்தபோது 800 டன்னுக்கு மேல் சாம்பலும் எச்சமும் மிஞ்சின.

“எரிச்சா குறையணும்ல தாத்தா?” என்றான் பேரன். அமில வாயுவைப் பிடிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அதன் எடையும் சேர்ந்துகொள்ளும் என்று விளக்கினேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. அந்தச் சாம்பலையும் எங்கேயோ விரிப்புப் போட்டுப் புதைத்தாக வேண்டும்.

இத்தனையும் ஷெட்டுக்குள் இருந்ததற்கு. ஆலை மண்ணில் மட்டும் 11 லட்சம் டன் கெட்டுப்போயிருப்பதாக நாக்பூர், ஹைதராபாத் தேசிய ஆய்வகங்கள் 2010-இல் மதிப்பிட்டன. மண்ணைத் தோண்டிச் சூடேற்றி விஷத்தைப் பிரிக்கலாம். நிலத்தடி நீரை இறைத்துக் கரியில் வடிகட்டித் திருப்பி விடலாம். வழி இருக்கிறது. ஆனால் எந்தக் குழியில் எது, எவ்வளவு ஆழம் என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். கொட்டியவனுக்குத்தான் அது தெரியும். அவன் வாயைத் திறப்பதில்லை.

நானும் திறக்கவில்லை. மூட்டைகளைப் புதைத்து எட்டு வருஷம் கழித்து டெப்போ பின்பக்கம் அடிபம்பு போட ஆள் வந்தபோது, “இங்க தண்ணி உப்பு, கோயில் பக்கம் போடுங்க” என்றேன். உப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். பம்பு தள்ளிப் போனது. மூட்டைகள் அங்கேயே இருந்தன. பி.எச்.சி.யை 1997-இல் தடை செய்தார்கள், செவினை 2018-இல். ஒவ்வொரு தடவையும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனேன்.

போன தையில் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயசுக்காரர். கோபப்படவில்லை, ஒரு ஆளை மண்வெட்டியோடு வரச்சொல்லி, “இடத்தைக் காட்டுங்க ஐயா” என்றார். டெப்போ இடிந்து அடித்தளம் மட்டும் இருந்தது. வேப்பமரம் இல்லை. மேற்கே ஐந்தடி நடந்தேன், திரும்பி வந்து தெற்கே நடந்தேன். அந்த ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “இங்கயா தாத்தா?” என்று பேரன் ஒவ்வொரு இடமாகக் காலால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.